யாரையும் விட்டுவிடாத நன்றிப் பாட்டு

மேடையில் பதினொரு கதிரைகள். நடுக்கதிரை பிரதம விருந்தினருக்கு. அதற்கு வலப்பக்கம் தேவாலயப் பங்குச் சுவாமி, இடப்பக்கம் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், அவருக்கு அடுத்ததாக மீனவர் சங்கத் தலைவர். அப்படியே போய் ஓரங்களில் யாருடைய ஆட்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாத இரண்டு பேர். கடைசிக்கு முந்தின கதிரையில் நான் இருந்தேன்.

பாட்டுக்காரனுக்குக் கதிரை இல்லை.

இது எனக்கு உறைத்தது வரவேற்புரை தொடங்கிய பிறகுதான். செல்வராசு, எங்களுக்கு ராசு, மேடைக்குக் கீழே, ஒலிபெருக்கிக்காரரின் வயர்ப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். மேசையில், பூப்பின்னல் விரிப்புக்கு மேலே, அவனுடைய முதல் பாட்டுக் கசற் ஐம்பது பிரதிகள் அடுக்கியிருந்தன. அட்டையில் கடல், படகு, சூரியன். அவன் வயல் கூலிக்காரன். நீந்தத் தெரியாது.

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்சக் காலம் அது. மன்னார்த் தீவின் பங்கு மண்டபம். அழைப்பிதழில் பின்னேரம் நான்கு மணி என்று போட்டிருந்தோம். பிரதம விருந்தினர் ஐந்தரைக்கு வந்தார். அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்து, இரண்டு தரம் ஊதிப் பார்த்து, “ராப் என்றால் என்ன?” என்று சபையைக் கேட்டார். சபைக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. ஆனாலும் நாற்பது நிமிடம் பேசினார்.

மண்டபத்தின் கடைசி வரிசையில் ராசுவின் தகப்பன் வேலாயுதம் இருந்தார். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. பக்கத்தில் அவர்களுடைய குடியிருப்பிலிருந்து டிராக்டரில் வந்திறங்கிய ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். அவர்கள் ஒரேயொரு பாட்டைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். அந்தப் பாட்டு கசற்றில் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும்.

கருவாட்டு அறை

என் ஒலிப்பதிவுக்கூடத்தைப் பற்றி இந்தத் தொடரில் முன்பும் பெருமையாக எழுதியிருக்கிறேன். அப்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது மாமனார் கருவாடு வைத்திருந்த அறை. சுவரெல்லாம் பழைய மெத்தையைப் பிரித்து அடித்து, கதவுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, சத்தத்தை வெளியே விடாமல் செய்துவிட்டேன். மணத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. தவக்காலப் பாட்டுப் பதிவுகளில் பெண்கள் குரல் தழுதழுக்கிறதே, அது பக்தி என்று நினைத்தவர்கள் உண்டு.

நான் பாடசாலையில் சங்கீத மாஸ்டர், கோவிலில் ஓகன் பெட்டி வாசிப்பவன். ஜேர்மனியில் இருக்கும் மச்சான் ஒரு தடவை வந்தபோது நான்கு தடத்தில் பதிகிற ஒரு பெட்டியும், அதற்கென்றே ஆன கசற் ஐந்தும் கொண்டுவந்து தந்தான். சாதாரணக் கசற் அந்தப் பெட்டிக்கு ஒத்துவராது. ஐந்தையும் அலுமாரியில், மாதா படத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன்.

பதிவு எப்போதும் நடுப்பகலில்தான். மன்னாரில் கழுதைகள் தெருவெல்லாம் திரிவது தெரிந்ததே. வெயில் உச்சிக்கு வந்தால்தான் அவை நிழலுக்குப் போய் வாயை மூடும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் கலையை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படி ஒரு நடுப்பகலில்தான் ராசு வந்தான். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு, கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வந்து குடியேறிய சனங்களில் ஒருவன். அடுத்தவர் வயலில் நாள்கூலி வேலை. சைக்கிளில் வந்திருந்தான். சோதனைச் சாவடி தாண்டி, கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் எதிர்க்காற்றில் மிதித்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“மாஸ்டர், எனக்கு ஒரு கேசட்டு போடணுங்க.”

“பாட்டுப் படிப்பீரோ?”

“படிக்கத் தெரியாதுங்க. பேசத்தான் தெரியும். வேகமா பேசுவேங்க.”

கொழும்புக் கடையில் வேலை செய்த ஒருவன் ஊருக்குக் கொண்டுவந்த வெளிநாட்டுக் கசற் ஒன்றைத் தேயத் தேயக் கேட்டிருக்கிறான். “என்ன சொல்றாங்கன்னு வெளங்கலீங்க. கோவமா சொல்றாங்கன்னு வெளங்குச்சு. அது போதும்னு தோணுச்சு” என்றான்.

பிறகு நின்ற நிலையிலேயே வாயைத் திறந்தான். உரமூட்டை, வரம்பு, அரைநாள் கூலி, அடையாள அட்டை, பள்ளிக்கூடத்தில் தன்னைக் கூப்பிட்ட பட்டப்பெயர் என்று மூன்று நிமிடம் ஓடியது. நான் முப்பது வருடம் சங்கீதம் படிப்பித்தவன். எனக்கு அது சங்கீதமாகவே படவில்லை. ஆனால் அவன் நிறுத்தியபோது இன்னும் கொஞ்சம் சொல்லமாட்டானா என்று இருந்தது.

பெயர் வைத்த படலம்

நம்முடைய ஆட்கள் ஒரு கிணறு வெட்டுவதென்றாலும் முதலில் குழு அமைப்பார்கள். கசற் வெளியீட்டுக் குழுவில் ஒன்பது பேர் சேர்ந்தோம். அதில் ராசு இல்லை. “அவர் கலைஞர், அவருக்கு இந்த அலுவல் எல்லாம் கஷ்டம்” என்று தீர்மானம் எழுதினோம்.

கசற்றுக்கு ராசு நினைத்திருந்த பெயர் ‘பெரட்டு’. அதிபர் அகராதியைப் புரட்டிவிட்டு, “இப்பிடி ஒரு சொல் தமிழிலேயே இல்லை” என்றார். ‘நெய்தல் முழக்கம்’ என்று அவரே வைத்தார். நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும், இவன் குளமும் குளம் சார்ந்த இடமும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிபர் என் மகளுக்கு வேலைக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்.

சுவாமி, முதல் பாட்டு இறைவணக்கமாக இருக்கட்டும் என்றார். போட்டோம். பட்டப்பெயர் சொன்ன பாட்டில் இருந்த பட்டப்பெயரை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். அதை எடுத்த பிறகு அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று பாடியவனுக்கே விளங்கவில்லை. ‘வாறேங்க’ என்பதை ‘வருகிறேன்’ என்று மாற்றினோம். ராசு எல்லாவற்றுக்கும் சரிங்க மாஸ்டர், சரிங்க மாஸ்டர் என்றான்.

ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் இல்லீங்க மாஸ்டர் என்றான்.

பெரட்டு

தேயிலைத் தோட்டங்களில் விடியலில் தப்புப் பறையடித்து ஆட்களைக் கூட்டுவார்கள். கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவான். அதற்குப் பெயர்தான் பெரட்டு. வேலாயுதம் அப்படித் தப்படித்த மனிதர். மலையிலிருந்து இறங்கும்போது சட்டி பானையை விட்டுவிட்டுத் தப்பை எடுத்துக்கொண்டு வந்தவர்.

பதிவன்று அவர் அந்தத் தப்போடு வந்தார். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, “கஹன்ன” என்றானாம். அடித்துக் காட்டு என்று. தப்புக்குள் என்னத்தை ஒளிப்பது? அவர் அடித்தார். வரிசையில் நின்ற சனம் சிரித்தது. இரண்டு சிப்பாய்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஆடினார்களாம். அரை மணித்தியாலம் பிந்தித்தான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

முற்றத்தில் காய்ந்த பனையோலையைக் கொளுத்தித் தோலைச் சூடு காட்டினார். பக்கத்து வீட்டார் சாவு வீடென்று நினைத்து மதிலால் எட்டி, “மாஸ்டர், ஆரும் மோசம் போட்டினமோ?” என்று கேட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நல்ல காரியத்துக்குச் சாவு மேளமா என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். அதை இப்போது சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பாட்டு இதுதான். மலையிலிருந்து அவர்களோடு வந்து, வந்த இடத்தில் செத்துப்போனவர்களின் பெயர். முப்பத்தொரு பெயர். மகன் கூப்பிடுவான், தகப்பன் தப்பை அடித்துக்கொண்டே பதில் சொல்வார்.

“கருப்பாயி! மலையில கொழுந்தெடுத்தா,
முருங்கனுல காய்ச்ச எடுத்தா.
வந்தாச்சா?” — “வரல.”

“சின்னையா! கெணறு வெட்ட எறங்குனான்,
ஷெல்லு வந்து மூடிட்டுப் போச்சு.
வந்தாச்சா?” — “வரல.”

கடைசிப் பெயர் ராசுவின் தாய்.

“பாக்கியம்! வரப்புல கஞ்சி கொண்டாந்தா,
தூக்குச்சட்டி வந்து சேந்துச்சு.
வந்தாச்சா?”

 வேலாயுதத்தின் தப்பு நின்றுவிட்டது. பெட்டிக்குள் கசற் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெல்ல, “வரலப்பா” என்றார்.

“ஒரு அடி விட்டுப்போச்சு. திருப்பி ஒருக்கா எடுப்பம்” என்றேன் நான். தாளம் பிசகினால் எனக்குப் பொறுக்காது.

கதவில் தொங்கிய சாக்கை விலக்கிக்கொண்டு என் மனைவி ஜெசிந்தா நின்றாள். கையில் அகப்பை. “இஞ்சேருங்கோ, ஒண்டும் திருப்பி எடுக்காதேயுங்கோ. இதுக்குள்ள உங்கட ஓகனையும் போடாதேயுங்கோ” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே குசினிக்குப் போய்விட்டாள்.

அந்தக் கசற்றை மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

சின்னம்மாவின் மரண அறிவித்தல்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

வங்காலையில் என் சின்னம்மா இறந்தபோது மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் மைத்துனியும் என்று ஒரு முழத்துக்கு எழுதினேன். சகலன் ஒருவருடைய பெயரை விட்டுவிட்டேன். அவர் செத்த வீட்டுக்கு வந்தார், பிரேதத்தைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலையும் பார்த்தார். தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனார். அவருடைய வீட்டாரோடு இன்று வரை எங்களுக்குப் பேச்சில்லை. இடையில் இரண்டு குடும்பமும் ஒரே வள்ளத்தில் இந்தியாவுக்கு அகதியாகப் போனபோதும் பேசவில்லை.

ஷெல் அடித்தால் பதுங்குவதற்குக் குழி இருக்கிறது. பெயர் விட்டுப்போனால் எங்கே பதுங்குவது? அதற்குப் பிறகு எந்த அழைப்பிதழ், எந்த விழா மலர், எந்த நன்றியுரை என்றாலும் பெயர்களை மூன்று தரம் எண்ணிப் பார்ப்பேன்.

அறுபத்துநான்கு பேர்

கசற்றின் முடிவில் சிறிதாக ஒரு நன்றி சொல்வோம் என்றது நான்தான். முதலில் இருபத்திரண்டு பெயர். ராசுவே தன் பாணியில் சொல்லட்டும் என்றேன். அப்போதுதான் ராப்பின் அருமை எனக்கு விளங்கியது. அவ்வளவு பெயரை, பதவியோடும் முன்னாள் பதவியோடும், அவ்வளவு கெதியாகச் சொல்லி முடிக்க உலகத்தில் வேறு சங்கீதம் கிடையாது.

குழுவுக்குப் போட்டுக் காட்டினேன். மற்றப் பாட்டுகள் ஓடும்போது கதைத்துக்கொண்டிருந்தவர்கள், நன்றிப் பாட்டு வந்ததும் காதைத் தீட்டினார்கள். “என்னைச் சொன்னது காணும், என்ர தம்பியைக் காணேல்லை” என்றார் ஒருவர். சேர்த்தேன். “கோவில் மூப்பருக்கு முதல் என்ன மாதிரி வாசிகசாலைத் தலைவர் வரலாம்?” என்றார் இன்னொருவர். மாற்றினேன். ராசு ஒவ்வொரு தடவையும் சைக்கிளில் வந்து முதலிலிருந்து சொன்னான். இருபத்திரண்டு முப்பத்தைந்தாகி, ஐம்பதாகியது.

இராணுவம், இயக்கம் என்று துவக்கு வைத்திருந்தவர்களை என்ன செய்வது என்பது பெரிய தலையிடி. ஒரு பக்கத்தைச் சொன்னால் மற்றப் பக்கம் விடாது. சொல்லாமல் விட்டால் இரண்டு பக்கமும் விடாது. மூன்று நாள் யோசித்து, ‘எமக்குப் பாதுகாப்பு நல்கிய அனைவருக்கும்’ என்று ஒரு வரி கட்டினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த வரி அதுதான். எல்லாப் பக்கத்தாரும் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார்கள்.

அந்த ஒரு கசற்

வெளியீட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது மீனவர் சங்கத் தலைவர் வாசலில் வந்து நின்றார். மண்டபத்துக்கு ஜெனரேற்றர் தருவதாகச் சொன்னவர். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“மாஸ்டர், ஜெனரேற்றர் சொன்னபடி வரும். அதில ஒண்டும் இல்லை. ஆனா எங்கட சங்கத்தின்ர பேர் பாட்டில இல்லையாமே?”

எனக்குச் சின்னம்மா வீட்டுச் சுவர் கண்ணுக்குள் வந்தது. “ஆர் சொன்னது? இருக்குத் தலைவர்” என்றேன். செயலாளர், பொருளாளர், உபதலைவர்கள் எல்லோரையும் சேர்த்து இனி முழுவதும் புதிதாகப் பதிய வேண்டும். அலுமாரியைத் திறந்தேன். நான்கு கசற் நிறைந்துவிட்டது; பழைய நன்றிப் பாட்டு இருந்த இடம் இத்தனை பெயருக்குப் போதாது, அதை அடுத்து வேறு பாட்டு இருந்தது. ஐந்தாவதில் ‘பெரட்டு’ இருந்தது. பிரதி எடுக்கவில்லை. கடைசியில் எடுப்போம் என்று விட்டிருந்தேன்.

வெளியீட்டைப் பின்போட்டிருக்கலாம். மச்சானுக்கு எழுதி இன்னொரு கசற் எடுப்பித்திருக்கலாம். சங்கத் தலைவருடைய முகத்தைப் பார்த்து இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். இதெல்லாம் எனக்கு இப்போது தோன்றுவது இல்லை, அப்போதே தோன்றியது. ஒன்றையும் செய்யவில்லை.

ராசு வந்தான். பெட்டிக்குள் இருந்த கசற்றைப் பார்த்து, “ரீலு பத்துமாங்க மாஸ்டர்?” என்று கேட்டான்.

“காணும். நீர் சொல்லும்.”

அவன் சொன்னான். அறுபத்துநான்கு பெயர். ஒன்றிலும் தடக்கவில்லை. தன் தாயின் பெயருக்கு மேலே சங்கத்தின் உபபொருளாளரை அவனே ஏற்றிக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் தலையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் போன பிறகு ஜெசிந்தா வந்தாள். “எந்தக் கசற்றில எடுத்தனீங்கள்?” என்றாள்.

“இடம் காணேல்லை.”

“ஆருக்கு?”

அவள் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. வெளியீட்டுக்கும் வரவில்லை.

வெளியீட்டன்று காலையில் ராசுவிடம், “அந்தப் பாட்டு இந்த முறை சேர்க்கேலாமல் போச்சு, அடுத்த பதிப்பில போடுவம்” என்றேன்.  “இனி அப்பாகிட்ட எப்படிங்க சொல்றது மாஸ்டர், எல்லாரும் கெளம்பிட்டாங்க” என்றான்.

மண்டபத்தில்

அதிபர் கூத்தில் தொடங்கி ராப்பில் முடித்து, இவையெல்லாம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தவைதான் என்று நிறுவினார். முடிந்த கசற்றை அவர் கேட்டிருக்கவில்லை. அவருடைய ரேடியோவில் கசற் போடும் பக்கம் பழுது. சுவாமி ஆசியுரை வழங்கினார். இரண்டு பேர் வாழ்த்தினார்கள், ஒருவர் நயந்தார். முதல் பிரதி, சிறப்புப் பிரதி என்று வரிசையாக ஆட்கள் மேடையேறிக் கமராவைப் பார்த்து நின்றார்கள். ராசுவுக்குப் பொன்னாடை போர்த்தி, அந்தப் பொன்னாடையோடு திரும்ப வயர்ப் பெட்டியில் உட்கார வைத்தோம்.

பாட்டு ஒன்றும் அதுவரை போடவில்லை.

சோதனைச் சாவடி மூடுவதற்குள் பிரதம விருந்தினர் போக வேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்தார். “ஒண்டையாவது கேட்டிட்டுப் போறன்” என்றார் பெருந்தன்மையாக. அதிபர் என் காதுக்குள் குனிந்தார். “நன்றிப் பாட்டைப் போடும் மாஸ்டர். நன்றியுரையும் முடிஞ்ச மாதிரி இருக்கும்.”

போட்டேன். நான் பார்த்த எந்தக் கச்சேரியிலும் சபை அப்படி லயித்ததில்லை. பெயர் வர வர ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. பாதுகாப்பு நல்கியவர்கள் வந்தபோது மேடையின் இரண்டு ஓரத்திலும் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். சங்கத்துக்குக் கைதட்டல் விழுந்தது. திரும்பவும் போடச் சொல்லி இரண்டாம் தரமும் போட்டோம். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மன்னார் ஓட்டோக்களிலும் கலியாண வீடுகளிலும் அந்த ஒரு பாட்டுத்தான் ஓடியது. ‘நெய்தல் முழக்கம்’ வெற்றி.

கடைசி வரிசையில் வேலாயுதம் காதுக்குப் பின்னால் கையை வைத்து, முன்னுக்குச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகனுடைய குரல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறது. மனிதர் பாட்டு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அவருடைய விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்ததை மேடையிலிருந்து நான் பார்த்தேன். இரண்டாம் தரமும் தட்டினார்.

பிரதம விருந்தினரை வழியனுப்ப எல்லோரும் ஓடினார்கள். வேலாயுதம் எனக்குக் கிட்ட வந்தார்.

“மாஸ்டரய்யா, நல்லாருக்குங்க. பெரிய பெரிய ஆளுங்க பேரெல்லாம் வந்துச்சு. நம்ம பாக்கியம் பேரு எந்த எடத்துலங்க வருது? எனக்குக் காது கொஞ்சம் மந்தம். விட்டுட்டேன் போல.”

குறை சொன்ன அத்தனை பேருக்கும் நான் சொல்லிப் பழகிய பதில்தான் வாயில் வந்தது. “அடுத்த பதிப்பில கட்டாயம் போடுறன், ஐயா” என்றேன். அவரை ஐயா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

ராசு பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து தகப்பனின் தோளைப் பிடித்தான். “இது வேற பெரட்டுப்பா. இதுல எல்லாரும் வந்துட்டாங்க. வாங்க, டிராக்டர் நிக்கிது.”

இரண்டடி போய்த் திரும்பினான். “மாஸ்டர், அந்த ரீலு பத்திரமா இருக்குங்களா?”

“இருக்கு” என்றேன்.

அதற்கு அடுத்த வருடமோ, அதற்கும் அடுத்ததோ, சண்டை திரும்பத் தொடங்கியது. அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் எழும்பி வன்னிக்குள் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு செய்தியும் இல்லை. போகும்போதும் அவன் அந்தக் கசற் என் அலுமாரியில் இருக்கிறது என்று நம்பித்தான் போயிருப்பான்.

நன்றிப் பாட்டை இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல், பதவிகளோடு, அறுபத்துநான்கு பெயரையும் சொல்வேன். மற்ற முப்பத்தொன்றில் கருப்பாயி, சின்னையா, பாக்கியம். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.